மயிலைக் கடற்கரைப் பட்டினவர்: அவர்தம் சரித்திரமும் வழக்க ஒழுக்கங்களும்

ஒரு நாட்டின் சரித்திரம் என்றவுடன் அரசர்களுடைய போர்களும் பட்டாபிஷேகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு ஜனங்கள் எத்தொழில் செய்து உண்டனர், எத்தெய்வத்தை வணங்கினர், தம்முள் எழுந்த வழக்குகளை எவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பனவும் சரித்திரத்தின் பாற்பட்டனவே. தூர தேசத்து ஜனசமூகங்களைப் பற்றி எழுதிய நூல்களை நாம் விருப்புடன் கற்கின்றோம். ஆப்பிரிக்காவின் கீழ்ப்பாகத்தில் கென்யா மலைச் சாரலில் வாழும் கிக்குயு மக்களின் குலமுறையையும் தெய்வ வழிபாட்டையும் படித்து வியக்கின்றோம். ஆனால் கபாலீசுவரர் கோயிலினின்று கிழக்கு நோக்கி ஒரு நாழிகை நடந்தால் அடையத்தக்க தூரத்தில் வாழ்ந்துவரும் தொன்மையான ஒரு குடியினரைப் பற்றி நம்மிற் பலர் யாதும் அறியார். சாந்தோம், அடையாறு முதலிய இடங்களில் மாலைக் காலத்தில் காற்று வாங்கச் செல்லும் மாணாக்கர், மணலில் கிடக்கும் படகுகளையும் காயும் வலைகளையும் கண்டு மேற்செல்வாரேயன்றி, அவற்றுக்கு உரியவர் யாவர் என வினவுதல் அரிது. அவ்வினாவுக்கு இயன்ற அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பழமையும்

தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். அதற்கு வருணனைத் தெய்வமாகத் தொல்காப்பியர் வகுத்தார். அந்நில மாக்களைச் சங்க நூல்கள் பரதவர், நுளையர், வலைஞர் என்னும் பெயர்களால் வழங்கும். பட்டினப்பாலை என்னும் பாட்டு, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் நிறைமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாமீனின் கோட்டை மணலில் நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் களித்ததைக் கூறுகின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு தொழிலையும் ஒரு நிலத்தையும் விடாது பற்றிவந்த குடிகள் தமிழ்நாட்டிற் சிலவே. அவற்றுள் கடல்மேற் செல்லும் குடி ஒன்றாகும்.

சோழமண்டலக் கரையில் சென்னை முதல் தெற்கே நாகப்பட்டினம் வரையில் வாழும் மீனவருட் பெரும்பாலோர் பட்டினவர் எனப்படுவர். பட்டினமாவது கடற்கரையூர், அங்கு வாழ்பவர் பட்டினவர். இவருள் பெரிய பட்டினவர் என்றும் சின்னப் பட்டினவர் என்றும் இரு பிரிவு உண்டென்பதை, 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டன் துரையின் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலிற் காணலாம். இவருட் பலர் செட்டியார் என்னும் பட்டம் தரிப்பது உண்டு.

இக்காலத்தில் திருவல்லிக்கேணிக்குக் கிழக்கே அயோத்தியாக் குப்பமும் நடுக்குப்பமும், மயிலைக்குக் கிழக்கே நொச்சிக்குப்பமும், அதற்குத் தெற்கே பட்டினப்பாக்கத்தை அடுத்துச் சீனிவாசபுரமும், அடையாற்று முகத்துவாரத்துக்குத் தென்கரையில் ஊரூர்க் குப்பமும் ஆல்காட்டுக் குப்பமும், அப்பால் ஓடைக்குப்பமும் திருவான்மியூர்க் குப்பமும் இருக்கின்றன. பட்டினப்பாக்கம் என்னும் பெயரிலேயே இக்குடியின் அடையாளம் பொறிக்கப்பட்டிருத்தல் காண்க. குப்பம் என்னும் சொல்லை நகரத்தார் இகழ்ச்சியாக வழங்குதல் உண்டு. அது சிற்றூர் என்னும் பொருளுடைய நல்ல தமிழ்ச்சொல்லேயாம்.

மயிலையின் கடல்வாணிகம்

மயிலாப்பூர் மிகப் பழைய கடற்கரைப் பட்டினம். கிறிஸ்து சகாப்தம் இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவன பூகோள ஆசிரியர் குறித்த மலியார்பா என்னும் துறை மயிலாப்பூரே என்று அறிஞர் கொள்வர். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர், மயிலையில் நடந்த திருவிழாக்களை அடுக்கிக் கூறும் பதிகத்தில் மாசித் திங்களில் நிகழும் கடலாட்டையும் சேர்த்துப் பாடினார். போர்த்துக்கேசியர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கரையில் இறங்கிச் சாந்தோம் நகரை அமைத்தனர். மயிலை லஸ் பகுதியிலுள்ள தேவாலயத்தின் கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் காட்டுகின்றது. கடலில் வழி தெரியாது தவித்த மாலுமிகளை ஓர் ஒளி கரைக்கு அழைத்துவந்ததென்றும், அவ்வொளி மறைந்த இடத்தில் அவர்கள் அக்கோயிலை எடுத்தனர் என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர்.

1639-ஆம் ஆண்டில் ஆங்கில வர்த்தகர்கள், சாந்தோமுக்கு வடக்கே ஒரு மணற்பரப்பை நாயக்கத் தலைவரிடம் பெற்றனர். அதுவே பின்னர்ச் சென்னை மாநகராயிற்று. அக்காலத்தில் அங்கே மீனவர் குடியிருப்பு இருந்தது. கோட்டையும் கச்சேரியும் தோன்றுமுன் அவர்கள் அங்கே வாழ்ந்தனர் என்பதை மறவாதிருத்தல் நலம்.

அன்றியும், அக்கோட்டை நிலைபெற்றதும் இவர்களுடைய உதவியாலேயே. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஓர் இரும்பாணியும் இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்திருப்பர். ஆணியடித்த படகு அலை மோதினால் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். கடல் கொந்தளித்து மசூலாப் படகும் செல்லக்கூடாத நாட்களில் கட்டுமரக்காரர் கடிதங்களைத் தம் குல்லாயினுள் வைத்துக்கொண்டு கப்பலுக்குச் சென்று வந்தனர். கவர்னர் முதல் சிப்பாய் ஈறாகச் சென்னையில் அடியெடுத்து வைத்த ஐரோப்பியர் பலரும் இவர்தம் கைவன்மையை நம்பியே இறங்கினர்.

1875-ஆம் ஆண்டில் செயற்கைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைப் பெரிதும் அழித்தது. பின்னர் மீண்டும் கட்டினர். அதனால் விளைந்தது ஒன்று கவனிக்கத்தக்கது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்லும். கடலினுள் நீட்டிய துறைமுகச் சுவர் அம்மணலைத் தடுத்தமையால், தென்பால் மணல் ஏறிக் கரை அகன்றது. வடபால் இராயபுரம் முதலிய இடங்களில் மணல் வரத்துக் குன்றிக் கடல் நிலத்தை அரித்தது. இன்று நாம் மெரினா என்று கொண்டாடும் அகன்ற மணற்பரப்பு இவ்வாறு வளர்ந்ததே. அப்பெயரைக் கவர்னர் கிராண்ட் டப் 1880-களில் அங்கு உலாவுபாதை அமைத்தபொழுது இட்டார். ஆகவே ஒரு சுவரால் தென்குப்பத்தாருக்கு மணலும் வடகுப்பத்தாருக்கு அழிவும் வந்தன. அவ்விருவரையும் கேட்டு அச்சுவரை எழுப்பினாரில்லை.

தொழில்முறை

பட்டினவரின் பழைய கலம் கட்டுமரம். அப்பெயரே ஆங்கில மொழியிற் புகுந்து உலகமெங்கும் வழங்குகின்றது. இலேசான சில மரத்துண்டுகளைச் செதுக்கி, அருகருகே வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டுவர். குழிவான வயிறு இன்மையால் அதில் நீர் தங்குவதில்லை, அலை மேலே புரண்டாலும் இடுக்குகளால் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். உலர்ந்தாலன்றி அவை மறுநாள் நன்கு மிதவா. சென்னை மாகாணத்து மீன்துறை டைரக்டராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியக் கலங்களின் அமைப்பை ஆராய்ந்து 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கட்டுமரத்துக்கும் இடம் அளித்தார். பாமரர் ஏதோ கட்டி மிதக்கவிட்ட தெப்பம் என்று நாம் நினைக்கும் கலம், இக்கரையின் அலைக்கு ஏற்பப் பல தலைமுறைகளின் அநுபவத்தால் அமைந்ததென்பது அறிஞர் துணிபு.

1990-களின் பின், சிறப்பாக 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கட்டுமரங்கள் பெரும்பாலும் மறைந்து, இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள் அவ்விடத்தைப் பற்றின. எனினும் கலம் மாறிய அளவுக்குக் கடலறிவு மாறவில்லை. காற்றின் திசையைக் கொண்டே மீனவர் அன்றைய தொழிலை நிச்சயிப்பர். வடகாற்று வாடை, கீழ்காற்று கொண்டல், தென்காற்று தென்றல், மேல்காற்று கச்சான். ஒவ்வொரு காற்றிலும் நீர் ஓடும் திசையும், நீரின் நிறமும், கிட்டும் மீனும் வேறாகும். ஆழத்தைப் பாகம் என்னும் கையளவால் அளப்பர். கரையிலுள்ள கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உயர்ந்து தோன்றும் வேறோர் அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் வரப்பார்த்துக் கடலில் தாம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வர். சாந்தோம் தேவாலயத்தின் ஊசிக் கோபுரமும் கலங்கரை விளக்கமும் நமக்குக் காட்சிப் பொருள்கள். அவருக்கோ அவை நடுக்கடலில் எல்லைக்கற்கள்.

வலையும் மீனுக்கு ஏற்ப வேறுபடும். கவலை மீனுக்கு இட்ட வலை வஞ்சிரத்துக்கு உதவாது; நெத்திலிக்குரிய நுண்ணிய கண்ணுள்ள வலை வௌவாலுக்கு வேண்டா. கரைவலையோ பலர் கூடி இழுப்பது. படகு ஒன்று வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவர, கரையில் இரு வரிசையாக நின்று கயிற்றைப் பற்றி இழுப்பர். கிடைத்த மீன்பாட்டை விற்றபின், படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை பங்கு, உழைத்தவர்க்கு ஆளுக்கு இத்தனை பங்கு என்று பிரிப்பர். மாதச்சம்பளம் என்பது இத்தொழிலில் இல்லை. நன்கு அகப்பட்டால் எல்லார்க்கும் நன்மை. அகப்படாவிடில் எல்லார்க்கும் வெறுங்கை. இலாபநட்டம் இரண்டையும் கலந்துகொள்ளும் இம்முறை, கூட்டுறவு இயக்கம் என்னும் பெயர் நம் நாட்டில் வழங்குமுன்னரே இங்கு நிலைத்திருந்தது.

ஆற்று முகத்துவாரமும் இவர்க்கு வயல் போன்றது. அடையாறு கடலோடு கலக்குமிடத்தில் மணல் திட்டு எழுந்து வாயை அடைப்பதும், மழைக்காலத்தில் உடைவதும் இயல்பு. வாய் திறந்திருந்தால் மடவையும் இறாலும் உட்புகும். நகரத்துச் சாக்கடை நீர் ஆற்றில் விடப்பட்டதால் இவ்வளம் பெரிதும் குன்றியது. தை முதல் பங்குனி வரையில் பெசன்ட் நகர் முதலிய கரைகளில் முட்டையிட வரும் கடலாமையை மீனவர் பங்குனி ஆமை என்பர். அது வரும் பருவத்தைப் பெயரிலேயே அடக்கிய நுட்பம் கருதற்பாலது.

ஊராட்சி

ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. அதன் தலைவரை இடத்துக்கேற்ப நாட்டார், செட்டியார், எசமானர் எனப் பலவாறாக அழைப்பர். கோயில் செலவுக்கு வரி விதித்தல், படகுகளுக்குள் நேரும் சச்சரவைத் தீர்த்தல், குடும்ப வழக்குகளை விசாரித்தல், குற்றத்துக்கு அபராதம் இடுதல் ஆகியன இதன் கடமைகள். ஊரில் ஒருவர் இறந்தால் அன்று எவரும் கடலுக்குச் செல்லலாகாது என்பது பொது வழக்கம்.

இப்பஞ்சாயத்தின் மிகச்சிறந்த கடமை கடலைக் காத்தலாம். ஒரு வலை மீன்குஞ்சுகளை அடியோடு வாரி எடுக்கின்றது என்று கண்டாலும், ஒரு சிலர்க்கு மட்டும் இலாபம் தந்து மற்றவர் பிழைப்பைக் கெடுக்கின்றது என்று கண்டாலும், அதனை ஊர்க்கட்டுப்பாட்டால் விலக்கி வைப்பர். கடல் எவருடைய உடைமையும் அன்றாயினும், வரம்பில்லாததும் அன்று என்பது இவர் கொள்கை. அரசாங்கமும் பின்னர் அவ்வழியே வந்தது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய மூன்று கடல்மைல் அளவுள்ள நீரைச் சிறு கலங்களுக்கு ஒதுக்கி, இழுவலைக் கப்பல்களை அப்பாற் செல்லப் பணித்தது. மீன் இனம் பெருகும் பருவத்தில் இயந்திரப் படகுகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு 2001-ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கி, 2017-ஆம் ஆண்டு முதல் 61 நாட்களாக நீண்டது.

இவ்வாட்சியில் குறையும் உண்டு. வழக்கப்படி இப்பஞ்சாயத்தில் ஆடவரே அமர்வர்; பெண்டிர்க்கு இடமில்லை. ஊர்விலக்கு என்னும் தண்டனை சிலபோது அளவு கடந்ததும் உண்டு. பழமை யாவும் நன்றெனக் கொள்ளுதல் அறிவுடைமை ஆகாதாகலின் இதனையும் கூறினோம்.

பெண்டிர்

கடலில் வலை வீசுபவர் ஆடவரேயாயினும், குடும்பத்தைத் தாங்குபவர் பெண்டிரே எனலாம். படகு கரை சேர்ந்தவுடன் மீன் அவர் கைக்கு மாறுகின்றது. ஏலம் கூறுவதும், கூடையைத் தலைமேற் சுமந்து தெருத்தெருவாக விற்பதும், எஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்குவதும், கடன் வாங்குவதும் அடைப்பதும் அவர் செயல்கள். நல்ல மீன் எது, பழைய மீன் எது என்பதை மயிலைக் குடும்பத்தாருக்குக் கற்பித்த ஆசிரியைகளும் அவர்களே. கணவனைக் கடல் கொண்டபின் கூடையொன்றையே முதலாகக் கொண்டு மக்களைக் கற்பித்து ஆளாக்கிய தாய்மார் ஒவ்வொரு குப்பத்திலும் உளர். பஞ்சாயத்தில் இடம் பெறாத இவர்களே, பின்னர்க் கூறப்போகும் சந்தை வழக்குகளில் முன்னணியில் நின்றனர்.

சமயமும் திருவிழாவும்

எல்லையம்மன், கங்கையம்மன் முதலிய பெண்தெய்வங்களே குப்பங்களின் காவல் தெய்வங்கள். கன்னிமார் வழிபாடும் கரையெங்கும் உண்டு. ஆடி மாதத்தில் கூழ் வார்த்தலும், கரகம் எடுத்தலும், கூத்து நிகழ்த்தலும் வழக்கம். புதுப்படகை முதன்முதல் நீரில் இறக்கும்பொழுது அதன் முகப்பாகிய அணியத்தில் மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பூசிப்பர்.

மாசி மகத்தன்று மயிலைக் கபாலீசுவரர் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகின்றார். அன்று உள்ளூர்த் தெய்வம் கடலூர்க் குடிக்கு விருந்தினராகின்றது. தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் இவ்வுறவு இன்னும் நெருங்கியது. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்கு அங்கே எழுந்தருளும்போது, தம் குலப்பெண்ணை மணந்த மாப்பிள்ளை என்று மீனவர் அவரை வரவேற்பர். பங்குனியில் மயிலையில் நடைபெறும் அறுபத்துமூவர் விழாவில் வீதியுலா வரும் அடியார்களுள் ஒருவர் அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்து மீனவராகிய இவர், நாள்தோறும் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார். ஒருகால் வறுமை வந்து குடும்பம் பசித்திருக்க, ஒரே ஒரு பொன்மீன் வலையிற் பட்டது. அதனையும் அவர் கடலிலேயே விட்டார். இச்சரிதத்தை நாம் பக்திக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகின்றோம். கடல் தந்ததில் ஒரு பகுதி கடலுக்கே உரியது என்னும் மீனவர் அறமும் அதனுள் அமைந்திருத்தல் கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

இக்கரை மீனவருள் கிறிஸ்தவரும் உளர். சாந்தோமில் அப்போஸ்தலர் தோமாவின் கல்லறைமேல் எழுந்ததாகக் கருதப்படும் தேவாலயம், 1896-ஆம் ஆண்டில் இப்போதுள்ள உருவத்தைப் பெற்றது. பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாளை ஒட்டிப் பெருந்திரளான ஜனங்கள் வருகின்றனர். எச்சமயத்தாராயினும் கடலுக்குச் செல்லுமுன் கைகூப்புதல் எல்லார்க்கும் பொது.

கரை யாருடையது?

இதுகாறும் கூறியவை வழக்க ஒழுக்கங்கள். இனிக் கூறப்போவது அவ்வழக்கங்கள் நிலைப்பதற்கு ஆதாரமான நிலத்தைப் பற்றியது.

முன்னர்க் குறித்த கிக்குயு மக்களின் சரித்திரம் இங்கே நமக்கு விளக்கம் தருகின்றது. அவர்கள் உழவர். கிக்குயு, மும்பி என்னும் ஆதி தம்பதிகளின் பெண்மக்கள் வழியாகத் தம் குலங்கள் கிளைத்தன என்பர். கென்யா மலையில் உறையும் இங்காய் என்னும் கடவுளை, முகுமோ என்னும் அத்திமரத்தின் அடியில் வழிபட்டனர். கியாமா என்னும் மூத்தோர் சபை வழக்குகளைத் தீர்த்தது. நிலம் குடும்ப வழியாக வந்தது. உழாது விட்ட தரிசும், ஆடு மேயும் புல்வெளியும் உரியவரின்றிக் கிடந்தன அல்ல. இந்தியக் கூலியாட்களும் உழைத்து இட்ட இரயில்பாதை 1899-ஆம் ஆண்டில் நைரோபியை அடைந்தபின், ஐரோப்பியக் குடியேற்றக்காரர் வந்தனர். உழப்படாத நிலம் வெற்று நிலம் என்று அவர்கள் எண்ணினர். 1915-ஆம் ஆண்டின் அரச நிலச் சட்டத்தால் ஆப்பிரிக்கர் தம் முன்னோர் மண்ணிலேயே அரசின் தயவால் இருப்பவராயினர். கிக்குயு குலத்தவராகிய ஜோமோ கென்யாட்டா இலண்டனில் மானிடவியல் கற்று, தம் மக்களின் வழக்கங்களைப் பற்றி 1938-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் உயிர்நிலை நிலவுரிமையைப் பற்றிய பகுதியே. நிலத்தைக் கேட்ட கிளர்ச்சியால் 1952-ஆம் ஆண்டில் அந்நாட்டில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது, பெருந்துன்பங்கள் நிகழ்ந்தன, 1963-ஆம் ஆண்டில் கென்யா விடுதலை பெற்றது.

வெற்று நிலம் என்னும் இச்சொல்லே நம் கடற்கரையிலும் வழக்காட வந்தது. வருவாய்க் கணக்கில் மணற்பரப்புப் புறம்போக்கு எனப்பட்டது. வரி விதிக்கப்படாத பொதுநிலம் என்பதே அச்சொல்லின் பொருள். நாளடைவில் எவர்க்கும் உரியதல்லாத நிலம் என்று அதற்குப் பொருள் திரிந்தது. நகரத்தார் கண்ணுக்கு மணல் வெறுமையாய்த் தோன்றும். மீனவர்க்கோ படகு நிறுத்துமிடமும், வலை உலர்த்துமிடமும், கரைவலை இழுக்குமிடமும், ஏலம் கூறுமிடமும், பிள்ளைகள் விளையாடுமிடமும் அதுவே. உழவனுக்குக் களம் எப்படியோ அப்படி மீனவனுக்குக் கரை. களத்தைப் பறித்துக்கொண்டு வயலை மட்டும் விட்டுவைத்தல் உழவனை வாழ்விப்பதாகுமோ?

1985-ஆம் ஆண்டில் மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டு அங்கிருந்த படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டனர். மீனவர் எதிர்த்தனர். துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1991-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் கடற்கரை ஒழுங்காற்று அறிவிப்பை வெளியிட்டு, கரையோரக் கட்டடங்களுக்கு வரம்பு கட்டிற்று. 2011-ஆம் ஆண்டு அறிவிப்பு மீனவ சமூகங்களின் நலனையும் குறித்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. சீனிவாசபுரம் முதலிய குப்பங்கள் அழிந்தன. அதன்பின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டிக் கரையினின்று தொலைவில் வீடு தருவோம் என்றவரிடம், கடல் கண்ணுக்குத் தெரியாத வீட்டிலிருந்து கடற்றொழில் செய்வது எங்ஙனம் என்று மீனவர் வினவினர். நொச்சிக்குப்பத்துக் கரையோடு செல்லும் சாலையில் மீன் விற்போரால் போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தானே வழக்கெடுத்தது. சாலை வந்து எம் கரையைப் பிளந்ததா, யாம் வந்து சாலையை அடைத்தோமா என்று மீன் விற்கும் பெண்டிர் கேட்டனர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்க்கென அங்கே புதிய சந்தை திறக்கப்பெற்றது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைத்தலாகாது. பெருநகரத்துக்குச் சாலை வேண்டும், உலாவ இடம் வேண்டும், சுகாதாரம் வேண்டும். கடற்கரை நகரத்தார் எல்லார்க்கும் பொது என்பதும் உண்மையே. ஆனால் பொது என்னும் சொல், பலகாலம் அதனைப் பேணியவரை வெளியேற்றும் கருவியாகலாகாது. கிக்குயு குலத்துப் பெண்மணியாகிய வங்காரி மாத்தாய், 1989-ஆம் ஆண்டில் நைரோபி நகரத்துப் பொதுப் பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப முயன்றபொழுது, தனித்து நின்று எதிர்த்துத் தடுத்தார். ஏளனம் செய்தவர் பலர். 2004-ஆம் ஆண்டில் அவருக்குச் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. பொதுநிலத்தைக் காப்பவர் அதனை அடுத்து வாழும் எளியவரே என்பதற்கு இது சான்று.

நகரமும் குப்பமும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருக்கெடுத்து நகரத்துள் புகுந்தது. மாடிகளில் நின்று உதவிக்கு அழைத்த குடும்பங்களை, கடலோரத்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கொணர்ந்து காப்பாற்றினர். குப்பத்தை நகரத்துக்கு இடையூறு என்று கருதியவரும் அன்று அப்படகுகளில் ஏறினர். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஊரூர், ஆல்காட்டுக் குப்பங்களில் எல்லையம்மன் கோயில் முன்னே ஒரு கலைவிழா தொடங்கியது. சபைகளில் மட்டும் கேட்கப்பெற்ற கர்நாடக சங்கீதமும், சபைகளில் இடம்பெறாத பறையும் கூத்தும் ஒரே மேடையில் அரங்கேறின. மயிலைக்கும் குப்பத்துக்கும் இடையேயுள்ள தூரம் காலடியால் அளக்கப்படுவதன்று என்பதை அவ்விழா பலர்க்கு உணர்த்தியது.

மாணாக்கர் செய்யத்தக்க பணியும் ஒன்று உண்டு. கிக்குயு மொழியில் எழுதுவதே தம் கடமை என்று துணிந்து, சிறையிலிருந்தும் அம்மொழியில் நாவல் எழுதிய இங்கூகி வா தியாங்கோ 2025-ஆம் ஆண்டில் காலமானார். ஒரு மொழி அழியுங்கால் அதனோடு ஓர் அறிவும் அழியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டிற்று. நம் கரையில் காற்றுக்கும், நீரோட்டத்துக்கும், வலைக்கும், மீனுக்கும் வழங்கும் சொற்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுட் பல அகராதிகளில் ஏறவில்லை. கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியவர் நாளுக்கு நாள் அருகிவருகின்றனர்; அவர் மக்கள் வேறு தொழில்களுக்குச் செல்கின்றனர். அச்செலவைத் தடுக்க நாம் யார்? குப்பத்துப் பிள்ளைகளும் நம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றல் நன்றே. ஆயினும் அவர் தந்தையரின் கடலறிவு ஒருவராலும் எழுதப்படாது மறைதல் தமிழுக்கே நட்டமாகும். தமிழ் கற்கும் மாணாக்கர் அச்சொற்களைத் தொகுக்கலாம். விலங்கியல் கற்போர் மீன்களின் பருவங்களைக் கேட்டு எழுதலாம். சரித்திரம் கற்போர் மூத்தோர் வாய்மொழியைக் குறிக்கலாம். கொடுப்பவராக அன்றிக் கற்பவராகச் செல்லுதல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கடலை நம்பி வாழ்ந்த இக்குடியினர் நகரத்தைத் தம் தோள்மீது இறக்கினர். அந்நகரம் வளர்ந்து இன்று அவர் வாசலில் நிற்கின்றது. வந்தவர் முன்னிருந்தவரை வணங்கி இடம் கேட்பது நம் நாட்டு மரபு. அம்மரபை மயிலையும் அடையாறும் கடைப்பிடிக்குமாயின், வாடையும் கொண்டலும் இன்னும் பல தலைமுறைக்குத் தம் பெயர் கூறி அழைக்கப்பெறும்.